கூண்டில் எத்தனை கோழி என்பதை முடிவு செய்வது யார்?

விலங்கு நலம் பற்றிய கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார்: "பண்ணைக்காரர்களுக்கு மனசு வரணும்." சொல்பவர் நல்லவர்தான். கோழி படும் பாட்டைப் பார்த்து உண்மையிலேயே கலங்கியவர். ஆனால் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்து, கால்நடை மருத்துவமும் படித்த எனக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. மனசு வராததால்தான் கூண்டு இருக்கிறது என்று நம்பிவிட்டால், அடுத்த வேலை மனசை மாற்றுவது மட்டுமே என்றாகிவிடும். துண்டுப் பிரசுரம், குறும்படம், உறுதிமொழிப் படிவம் எல்லாம் அந்த நம்பிக்கையில் கிளம்புகிறவை. அவற்றால் எங்கள் பக்கம் ஒரு கூண்டில் ஒரு கோழி குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

பண்ணையை உள்ளே போய்ப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். நாமக்கல், மோகனூர், புதுச்சத்திரம், ராசிபுரம், பரமத்தி என்று விரியும் எங்கள் மண்டலத்தில் 5 கோடிக்கு மேல் முட்டைக்கோழிகள் இருக்கின்றன. பழைய மாதிரிப் பண்ணையில் தூண்கள் மேல் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிய நீளமான செட் இருக்கும். எரு கீழே விழுந்து குவியும். மேலே இரண்டு பக்கமும் படிப்படியாகக் கம்பிக் கூண்டுகள். கூண்டின் அடிக்கம்பி முன்பக்கம் சரிவாக இருப்பதால், போட்ட முட்டை உருண்டு வெளியே வந்து நிற்கும். முன்னால் தீவனத் தொட்டி, உள்ளே தண்ணீருக்கு நிப்பிள். பரவலாகப் புழக்கத்தில் உள்ள ஒரு கூண்டின் அளவு 15 அங்குலத்துக்கு 18 அங்குலம். அதில் நாலு கோழி. கணக்குப் போட்டால் ஒரு கோழிக்குச் சுமார் 435 சதுர சென்டிமீட்டர். உங்கள் அலுவலகத்து ஏ4 தாள் 620 சதுர சென்டிமீட்டருக்கும் மேல்.

பதினாறு வாரக் குஞ்சாக அதற்குள் போகும் கோழி, எண்பது வாரம் ஆகும்வரை அங்கேயே இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. சிறகை முழுதாக விரிக்க இடமில்லை, மண்ணில் புரள முடியாது, ஏறி உட்காரக் கம்பு கிடையாது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. முட்டை போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கோழிக்குக் கூடு தேடும் வேகம் உடம்புக்குள்ளிருந்து வருகிறது. எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்து வளர்ந்தாலும் அது போவதில்லை. அதிகாலையில் செட்டுக்குள் நின்று பார்த்தால் தெரியும்: கோழி முன்னும் பின்னும் அலையும், மற்றவற்றின் மேல் ஏறும், கம்பிச் சந்தில் தலையை விடும். கடைசியில் நின்ற இடத்திலேயே முட்டையைப் போடும். மறுநாளும் அப்படித்தான். நடமாட்டம் இல்லாததாலும், சுண்ணாம்புச் சத்தெல்லாம் முட்டை ஓட்டுக்குப் போய்விடுவதாலும் எலும்பு மெலிகிறது. முட்டை ஓய்ந்த கோழியைக் கூண்டிலிருந்து இழுத்து எடுக்கும்போது கால் முறிவதுண்டு. நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டு வெட்டுகிறார்கள். அலகில் நரம்பு இருக்கிறது. அது நகம் வெட்டுவது மாதிரியான காரியமில்லை.

இதையெல்லாம் நான் மறைக்கவோ குறைக்கவோ விரும்பவில்லை. கூண்டு மாற வேண்டும் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கூண்டு எப்படி வந்தது என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முதலில் தரையில் தேங்காய் நார்த்தூளும் கடலைத் தோலும் பரப்பி, அதன் மேல்தான் கோழி வளர்த்தார்கள். டீப் லிட்டர் என்பார்கள். மழைக்காலத்தில் அது ஈரமாகும். ரத்தக் கழிச்சல் வரும், குடற்புழு வரும், அம்மோனியா நெடியில் கோழியின் கண் கலங்கும். ஒரு நாய் குரைத்தால் கூட்டம் மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். அப்படி விடிந்த ஒரு காலையைப் பற்றிப் பேசும்போது என் மாமாவின் அப்பாவுக்கு இன்றைக்கும் முகம் மாறிவிடும். கூண்டு வந்ததும் கழிச்சல் குறைந்தது, முட்டை எருவில் புரளாமல் சுத்தமாக வந்தது, எந்தக் கோழி தின்னவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்தது. கோழி பிழைத்தது என்றுதான் அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

இங்கேதான் பண்ணைக்காரரும் நகரத்து ஆர்வலரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேளாமல் விலகிப் போகிறார்கள். சாவு குறைவு, நோய் இல்லை, தீவனம் நன்றாகத் தின்கிறது, முட்டை தவறாமல் வருகிறது என்றால் பண்ணைக்காரருக்குக் கோழி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆர்வலருக்கோ கோழி கோழியாக வாழ்கிறதா என்பது கேள்வி. ஐரோப்பாவில் இதை ஆராய்ந்தவர்களும் திரும்பத் திரும்ப இதே இடைவெளியைத்தான் கண்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். யாரும் சொல்லாமலே கூரைக்கு மேல் தண்ணீர் தெளிப்பான் ஓடும், பக்கவாட்டில் ஈரச் சாக்கு தொங்கும், உச்சி வெயிலில் தீவனம் கூடாது என்று விடியலிலேயே போட்டுவிடுவார்கள், தண்ணீரில் எலெக்ட்ரோலைட்டும் வைட்டமின் சி-யும் கலந்திருக்கும். ராத்திரி கரண்ட் போனால் வீட்டில் விசிறி நின்றதைக் கவனிக்காதவர்கள் பண்ணைக்கு ஓடுவார்கள். அக்கறை இல்லாத இடம் அல்ல அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பிலிருந்து இளைஞர்கள் இருவர் மாமாவின் பண்ணைக்கு வந்தார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். இன்ன ஆண்டுக்குள் கூண்டில்லா முறைக்கு மாறுவேன் என்று உறுதிமொழிப் படிவம் கொண்டு வந்திருந்தார்கள். மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார், மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கச் சொல்லிச் செட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார், திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கேட்டார்: "ஏனுங் தம்பி, நான் மாறிட்டா என்ற முட்டைய ஆரு வாங்குவாங்க? என்ன வெலைக்கு? அதையும் இதுலயே எழுதிக் குடுப்பீங்களா?" சந்தை தானாக உருவாகும் என்றார்கள். மாமா படிவத்தை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "கூண்டுக்கு மூணு போட்டா ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இருக்கும் கண்ணு. சாவு கம்மியாவும், முட்டையும் ஒண்ணு ரெண்டு கூட வரும். நாப்பது வருசமாக் கோழியோட இருக்கறன், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நாலாவது கோழிதான வட்டி கட்டுது."

இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் கேட்டதிலேயே துல்லியமான பேச்சு இதுதான். மாமா சொன்னதை விரித்துப் பார்ப்போம். ஒரு லட்சம் கோழி வைத்திருப்பவர் கூண்டுக்கு நாலிலிருந்து மூன்றாகக் குறைத்தால் 75,000 கோழி மிஞ்சும். தீவனச் செலவும் கால் பங்கு குறையும். முட்டை உற்பத்திச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனம்தான் என்பதால் அது பெரிய தொகை. ஆனால் செட்டுக்கு வாங்கிய கடன், வட்டி, மின் கட்டணம், ஆள் கூலி எதுவும் குறையாது. இந்த நிலையான செலவெல்லாம் இன்று ஒரு முட்டைக்கு 60 காசு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை கால் பங்கு குறைந்ததும் அதே செலவு முட்டைக்கு 80 காசு ஆகிவிடும். வித்தியாசம் 20 காசு. கோழிக்கு 435 சதுர சென்டிமீட்டரிலிருந்து 580 ஆக இடம் கூடுவதற்கான விலை, இந்தக் கணக்கில், அவ்வளவுதான். கடையில் முட்டை வாங்குகிறவருக்கு 20 காசு ஏறியதே தெரியாது. பண்ணைக்காரருக்கோ அது லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவிலுள்ள கோடு.

சரி, 20 காசு கூட்டி விற்கட்டுமே என்றால், அவர் விலை வைப்பதில்லை. 1982-ல் கோழித் தொழிலதிபர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியதே இடைத்தரகர்கள் வைத்ததுதான் விலை என்ற நிலையை மாற்றத்தான். "நெக் விலை" என்று தினமும் செய்தித்தாளில் வருகிறதே, அது அந்தக் குழு அறிவிப்பது. அந்த ஏற்பாடு பல பண்ணைகளைக் காப்பாற்றியது. ஆனால் முட்டை தேங்கும் நாட்களில் வியாபாரி அந்த விலைக்கு எடுப்பதில்லை. "மைனஸ்" என்று 20 காசு, 30 காசு கழித்துக்கொண்டுதான் எடுப்பார். கோழிக்கு லீவு கிடையாது, முட்டையை வைத்திருக்கவும் முடியாது, எனவே கொடுத்தாக வேண்டும். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஒரு கோழிக்கும் தும்மல்கூட வராத நாமக்கல்லிலும் விலை சரிந்தது. இப்படி அடுத்தவர் கையில் விலை இருக்கும் ஒருவரிடம் போய், செலவைக் கூட்டிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2015-ல் அங்கே "இனிஷியேட்டிவ் டீர்வோல்" (விலங்கு நல முயற்சி) என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆல்டி, லிடில், ரேவே, எடேகா போன்ற பெரிய கடைத்தொடர்கள் தாங்கள் விற்கும் ஒவ்வொரு கிலோ பன்றி, கோழி இறைச்சிக்கும் 4 சென்ட் ஒரு பொது நிதியில் போட்டன. அந்த நிதியிலிருந்து, சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகச் செய்யும் பண்ணைக்கு விலங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம். பன்றிக்குப் பத்து விழுக்காடு கூடுதல் இடம் கொடுக்கலாம், கிளறித் தின்ன வைக்கோல் போன்ற தீவனம் வைக்கலாம். இப்படி ஒரு பட்டியல். சேர்வது பண்ணைக்காரரின் விருப்பம்.

ஜெர்மன் பன்றிப் பண்ணையாளர்களும் பிடிவாதக்காரர்கள் என்றுதான் பெயர் வாங்கியவர்கள். பதிவு திறந்ததும் 4,600-க்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் விண்ணப்பித்தன. நிதியில் இருந்த பணம் அவற்றில் பாதிக்குக்கூடப் போதவில்லை. எஞ்சியவர்கள் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் நம்பிக்கையோடு தொழுவத்தை முன்கூட்டியே மாற்றிக் கட்டியிருந்தவர்கள். மனசு வரிசையில் நின்றது, பணம் தீர்ந்துவிட்டது. நான் இந்தச் செய்தியை மாமாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்பறம், வராம?" என்றார்.

அந்தத் திட்டம் போதுமானதா என்றால், இல்லை. கொழுத்த பன்றி ஒன்றுக்கு முக்கால் சதுர மீட்டர் இருந்தது 0.825 ஆவதைப் பெரிய விடுதலை என்று சொல்ல முடியாது. விலங்கு நல அமைப்புகள் அங்கே இதைக் கடுமையாகவே விமர்சித்தன, அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. கடைகள் 2018 முதல் கிலோவுக்கு 6.25 சென்ட் என்று உயர்த்தின. அதற்கேற்பப் பண்ணைகளும் கூடின. ஆனால் படி ஏற ஏறச் செலவு பல மடங்காகும், கடைகளின் சென்ட் கணக்கு அதற்கு எட்டாது. முன்னாள் வேளாண் அமைச்சர் யோஹென் போர்ஷர்ட் தலைமையில் ஒரு குழு இதற்கு வழி தேடியது. விவசாயச் சங்கத்தாரும் விலங்கு நலக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 2020 பிப்ரவரியில் ஒரு பரிந்துரை கொடுத்தார்கள்: இறைச்சி கிலோவுக்கு 40 சென்ட் வரி போட்டு, அந்தப் பணத்தில் நாட்டின் தொழுவங்களையெல்லாம் மாற்றிக் கட்டலாம். பகையாளிகள் என்று எல்லோரும் நினைத்த இரு தரப்பும் ஒரு தொகையில் ஒத்துப்போனது சாதாரண விஷயமில்லை. அடுத்தடுத்து வந்த அரசுகள் அதற்கு நிதி வழி செய்யவில்லை. 2023 ஆகஸ்டில் அந்தக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. தயங்கியது யார் என்று பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் பணத்தை அரசே தருகிறது. மாடுகளை வெளியில் விடும் திட்டத்தில் சேர்ந்தவர் கோடையில் மாதத்துக்கு 26 நாளாவது மேய்ச்சலுக்கு விட வேண்டும், குளிர்காலத்தில் மாதம் 13 நாளாவது வெளிக்காற்றில் விட வேண்டும், விட்ட நாளை ஏட்டில் குறிக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு பிராங்க் என்று உதவித்தொகை. கட்டாயமில்லை, ஆனாலும் மாடு வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி சேர்ந்திருக்கிறார்கள். அதே நாட்டில் 2022 செப்டம்பரில் தொழிற்சாலைப் பாணிப் பண்ணைகளை அரசியல் சட்டத்திலேயே தடுக்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோது விவசாயிகள் சங்கம் எதிர்த்து நின்றது, 62.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தாங்களே கையெழுத்திட்டுச் சேரும் ஒப்பந்தத்துக்கும் மேலிருந்து இறங்கும் கட்டளைக்கும் ஒரே மனிதர் வேறு வேறு பதில் சொல்கிறார். பண்ணைக்காரர் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் அப்படித்தான்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? வேண்டும். திட்டத்தால் மட்டும் கடைசிப் பண்ணைவரை போக முடியாது. ஆனால் சட்டம் எல்லோர்மீதும் ஒரே நாளில் விழ வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், முட்டையிடக் கூடோ ஏறி உட்காரக் கம்போ இல்லாத வெற்றுக் கூண்டுகளைத் தடை செய்ய 1999-லேயே நாள் குறித்து, 2012 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். நாள் வந்தபோது 13 நாடுகள் தயாராக இல்லை; அவற்றுக்கெல்லாம் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நடுவில் அடிபட்டவர் யாரென்றால், சொன்ன பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கி முன்கூட்டியே மாறியவர்தான். அவருடைய முட்டை நின்ற அதே சந்தையில் பழைய கூண்டு முட்டையும் குறைந்த செலவில் வந்து நின்றது. முதலில் மாறியவருக்கு நட்டம், கடைசிவரை இழுத்தடித்தவருக்கு லாபம் என்பதைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். எங்களுக்கும் இதே பயம். தமிழ்நாட்டில் மட்டும் கெடுபிடி வந்தால் ஐதராபாத்திலிருந்தும் ஹோஸ்பேட்டிலிருந்தும் லாரி வரும்.

நம் சட்டக் கதையில் எனக்கு வருத்தம் தரும் பகுதி ஒன்று உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்ததற்கு மூல காரணம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அசைய நியாயமான இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் கூண்டே பரவியது. யாரும் தடுக்கவில்லை, மாறாகக் கூண்டுப் பண்ணைக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. 2012-ல் வாரியம் இந்தக் கூண்டுகள் 11-ஆம் பிரிவுக்கு முரணானவை, படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2017 ஜூலையில் நீதிபதி பி.எஸ். சௌகான் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் விதிகளின் வரைவையே எழுதிக் கொடுத்தது. 2023-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர், பழைய பண்ணைகளுக்குச் சில ஆண்டு அவகாசம்.

ஐரோப்பா 2003-ல் கூண்டுக்கு வைத்த குறைந்தபட்ச அளவும் இதே 550 தான். அதுவும் போதாது என்றுதான் 2012-ல் அந்தக் கூண்டையே கைவிட்டார்கள். ஆகவே கூண்டு ஒழிய வேண்டும் என்பவர்களுக்கு இந்த விதி ஏமாற்றம். எனக்கும்தான். ஆனாலும் இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மாமாவின் கூண்டில் நாலாவது கோழியை எடுத்துவிட்டால் 580 வந்துவிடுகிறது, விதி நிறைவேறிவிடுகிறது. கூண்டை உடைக்க வேண்டாம், செட்டை இடிக்க வேண்டாம். கோடிக்கணக்கான கோழிகளுக்கு அடுத்த பேட்ச்சிலிருந்தே கொஞ்சம் இடம் கிடைக்கும். இதற்கு வேண்டியது அந்த 20 காசை யார் தருவது என்ற பதில் மட்டும். விதியில் அந்தப் பதில் இல்லை.

அது கிடைத்தாலும் போதாத ஓர் இடத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தத் திட்டத்திலும் இதற்கு இடம் ஒதுக்கி நான் பார்க்கவில்லை. இன்று எங்கள் பண்ணைகளில் கோழியைக் கையில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து பண்ணைக்குள்ளேயே குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள். அலகு வெட்டுவதும், கூண்டு மாற்றுவதும், முட்டை ஓய்ந்த கோழிகளைக் காலைப் பிடித்து லாரியில் ஏற்றுவதும் அவர்கள் கைதான். ராத்திரியில் ஆயிரக்கணக்கில் ஏற்றி முடிக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் மெதுவாகத் தூக்கு என்று யார் சொல்லி என்ன ஆகும்? பண்ணை முதலாளிக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் கையேடு வருகிறது. கோழியின் கால் முறிவதும் முறியாததும் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு தாள்கூட வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுடைய கூலியும் நேரமும் மாறாமல் அந்த ராத்திரி மாறாது.

20 காசுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு முட்டைக்கு ஒரு மிகப் பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார், அவர் அரசுதான். சத்துணவில் பள்ளிக் குழந்தைகளுக்கு வாரம் ஐந்து முட்டை. 40 லட்சம் குழந்தைகள், பள்ளி நடக்கும் 40 வாரம் என்று வைத்துப் போட்டால் ஆண்டுக்கு 80 கோடி முட்டை. டெண்டர் விலைக்கு மேல் முட்டைக்கு 20 காசு, கூண்டுக்கு மூன்று கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் ஆகும் கூடுதல் செலவு 16 கோடி ரூபாய். ஒரு மாநில வரவுசெலவுத் திட்டத்தில் அது கண்ணில் படும் தொகையே இல்லை. 80 கோடி முட்டை போட 27 லட்சம் கோழி வேண்டும்; நாமக்கல் மண்டலத்தின் இருபதில் ஒரு பங்கு. தொடங்க அது போதும். ஜெர்மன் கடைகள் செய்ததை இங்கே அரசு செய்யலாம், வாங்குகிறவர் என்ற முறையில்.

அந்த ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பேட்ச் குஞ்சு விட்டு எடுக்க ஒன்றரை ஆண்டு. செட்டுக்கு வாங்கிய கடன் ஏழெட்டு ஆண்டு. கூண்டு பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும். வருடா வருடம் புதுப்பிக்கும் திட்டத்தை நம்பி யாரும் கூண்டில் கை வைக்க மாட்டார்கள். சோதனைக்கு வருகிறவர் கோழி தெரிந்தவராக இருக்க வேண்டும், சொல்லாமல் வந்தாலும் சரி. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து ஆள் அனுப்பினால் பண்ணைக்காரர்கள் மதிப்பார்கள், ஏனென்றால் கோழிக்கு நோய் வந்தால் அவர்கள் ஓடுவதே அங்கேதான். படிவம் எழுதும்போதே நாலு பண்ணைக்காரரை உட்கார வைத்தால், இருபது பக்கம் இரண்டு பக்கமாகிவிடும்.

மாமா இப்போது பண்ணைக்கு அதிகம் போவதில்லை, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். ஒரு செட்டில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் கூண்டுக்கு மூன்று என்று போட்டு, தீவனம், முட்டை, சாவு மூன்றையும் தனி நோட்டில் எழுதி வருகிறான். அவனே சொன்னது: அந்த வரிசையில் கொத்திச் சாகும் கோழி குறைந்திருக்கிறது, முட்டையும் தலைக்குக் கொஞ்சம் கூட வருகிறது, ஆனாலும் கணக்கு இடிக்கிறது. இதற்கிடையில் எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் அடைத்த செட் கட்டுகிறார்கள்: குளிர்விசிறி, தானியங்கித் தீவனம், ஐந்தாறு அடுக்குக் கூண்டு. வெயில் சாவுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் அந்த அடுக்குகளைக் கோழிக்கு எவ்வளவு இடம் என்று கணக்கிட்டு ஆர்டர் கொடுக்கிறார்களோ, அதுதான் அடுத்த பதினைந்து ஆண்டுக்கும். இவனும் பக்கத்து நிலத்தில் அப்படி ஒன்று கட்ட வங்கியில் விண்ணப்பித்திருக்கிறான். கூண்டு கம்பெனிக்காரர் இரண்டு விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்: ஒன்று நெருக்கமான அளவு, இன்னொன்று கோழிக்கு 600 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வருகிற அளவு. "ஐந்து வருசத்துக்கு முட்டைக்கு இத்தன காசு கூடன்னு அரசாங்கம் எழுதிக் குடுத்தா ரெண்டாவதுக்கு இன்னைக்கே முன்பணம் கட்டிப்போடுவேன்" என்கிறான். வங்கிக் கடன் கைக்கு வந்ததும் ஏதாவது ஒன்றுக்குக் கட்டியாக வேண்டும். சத்துணவு முட்டைக்கு அடுத்த டெண்டர் அறிவிப்பைத் தயாரிக்கிற அதிகாரி யாராவது இதைப் படித்தால், அவன் நோட்டையும் அந்த இரண்டு விலைப்பட்டியலையும் நானே கொண்டுவந்து காட்டுகிறேன்.